ஊரில் வசதி, சென்னையில் ஏழை: 42,000 ரூபாயில் நாங்கள் யார்?

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39. பி.காம். படித்தவர். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர். நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறார். கையில் வாங்கும் சம்பளம் 34,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்து மாதம் 8,000 சம்பாதிக்கிறார். அப்பா கொடுத்த இடத்தில் மாடி வீடு கட்டியாயிற்று. அந்தக் கடனுக்குத் தவணை 7,200. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, இப்போது பத்தாவது. மகன் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் ஆறாவது. அப்பாவுக்கு 71 வயது. நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தவர், சர்க்கரையும் இதய நோயும் வந்து கரையோடு இருக்கிறார்.

சென்னை அம்பத்தூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் மாதம் 68,000 சி.டி.சி. தருவதாக அவரை அழைக்கிறது. பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் தங்கை கணவர், "42,000-ஐ வெச்சுக்கிட்டு மிடில் கிளாஸ்னு சொல்லாதீங்க மச்சான், இங்க அது ஏழைக் கணக்கு" என்கிறாராம். ஊரிலோ "மாடி வீட்டுக்காரர்" என்று கைமாற்று கேட்டு வருகிறார்கள். மகளிர் உரிமைத்தொகைக்கு மனைவி போட்ட மனு, வருமானம் கூடுதல் என்று தள்ளுபடியாகிவிட்டது. ஃபைபர் படகு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அந்தப் பணம் வருகிறது. "ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாங்கள் யார்? சென்னைக்குப் போனால்தான் நடுத்தர வர்க்கமா? மகள் மேற்படிப்புக்காக வருமானச் சான்றிதழைக் கொஞ்சம் குறைத்து வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு வீட்டுக் கணக்கையும் அனுப்பியிருக்கிறீர்கள். குடிதண்ணீர் குடம் 10 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று குடம், மாதம் 900 என்பது வரை அதில் இருக்கிறது. குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பதுதான் என் தொழில். இவ்வளவு நேர்மையான கணக்கு என் மேஜைக்கு அபூர்வமாகத்தான் வரும். அதை வைத்தே பேசுகிறேன்.

முதலில் உங்களைக் குடைகிற அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். நடுத்தர வர்க்கம் என்றால் இத்தனை ரூபாய் வருமானம் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் ஆளுக்கு ஒரு கோடு போடுகிறார்கள். பிரைஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2020-21 விலைவாசியை வைத்துப் போட்ட கோடு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை. உங்கள் வீட்டு வருமானம் 5,04,000. வாசற்படியில் நிற்கிறீர்கள், அதற்குப் பிறகு விலை ஏறியதையும் சேர்த்தால் அரையடி வெளியே. ஆனால் அந்தக் கோடு நாடு முழுவதுக்கும் ஒன்று. மண்டபத்தில் வாழ்கிறவரையும் அம்பத்தூரில் வாழ்கிறவரையும் அது ஒரே வாசலில் நிறுத்துகிறது.

உரிமைத்தொகை வரம்பு வேறு வேலைக்கானது. 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் குடும்ப வருமானம் வருடம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்றெல்லாம் நிபந்தனைகள் வைத்தார்கள். பணம் யாருக்கு முதலில் போகவேண்டும் என்று பிரிக்கிற சல்லடை அது. அதில் சேராதவரெல்லாம் பணக்காரர் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதில் கொஞ்சம் மனத்தாங்கல் தெரிகிறது. படகு கண்ணுக்குத் தெரியும் தம்பி, அதன் மேல் இருக்கிற கடன் தெரியாது. வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொல்கிற விலைக்கே போடுகிற வீடுகள் இந்தக் கரையில் எத்தனை என்று கம்பெனிக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அன்றைக்கு அவருக்கு வரவு இல்லை. உங்கள் 34,000 மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது. இரண்டு வருமானத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஊருக்கு ஊர் செலவு வேறு என்பதை மத்திய அரசே தன் ஊழியர் சம்பளத்தில் ஒப்புக்கொள்கிறது. ஏழாவது ஊதியக் குழு முறையில் 2024 ஜனவரியிலிருந்து வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரையில் 20, ராமநாதபுரம் மாதிரி ஊர்களில் 10. அடிப்படை 40,000 வாங்கும் இருவரில் சென்னைக்காரருக்கு வாடகைக்கு 12,000, மண்டபத்துக்காரருக்கு 4,000. ஆனால் அகவிலைப்படி இருவருக்கும் ஒரே சதவீதம். அதாவது வீடுதான் பெரிய வித்தியாசம், மற்ற விலையெல்லாம் ஏறக்குறைய ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியில் உங்கள் ஊர் இருக்கிறது.

எது மலிவு, எது ஒரே விலை, எது இங்கே கூடுதல்

உங்கள் கணக்கில் ரசீது உள்ள செலவெல்லாம் இருக்கிறது. ரசீது இல்லாதது எதுவும் இல்லை. அண்ணன் மகன் வாரம் மூன்று நாள் கொண்டுவந்து போடும் சூடை, நகரை மீன்களை அம்பத்தூரில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொல்லை முருங்கைக்கும் அப்படித்தான். மனைவி ராமநாதபுரம் போனால் மகனைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் அதற்குப் பெயர் டே கேர், மாதக் கட்டணம். வாடகை தராமல் இருப்பது இவை எல்லாவற்றுக்கும் மேலே. சொந்த ஊரில் வாழ்கிறவருக்கு உறவும் இடமும் சேர்ந்து தருகிற இந்த இரண்டாவது சம்பளம் எந்த வருமானச் சான்றிதழிலும் வராது. ஊரை விட்டால் முதல் நாளே நின்றுவிடும்.

அடுத்தது, எங்கே வாங்கினாலும் ஒரே விலைப் பொருள்கள். தங்கம், விலை அச்சடித்து வரும் மருந்துப் பட்டை, செல்போன் ரீசார்ஜ், கல்லூரிக் கட்டணம். இந்தக் கடைகளில் 34,000 வாங்குகிறவரும் ஒன்றரை லட்சம் வாங்குகிறவரும் ஒரே விலைதான் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஊரில் வசதியாகத் தெரிகிற குடும்பம் கல்யாணம், காலேஜ், ஆபரேஷன் என்று ஏதாவது வந்தால் திடீரென்று ஆட்டம் காண்கிறது. உங்கள் 42,000 அரிசி பருப்புக்கு முன்னால் பெரிய பணம். ஒரு பவுன் நகைக்கு முன்னால் சிறிய பணம். ஊர்க்காரர்கள் முதலாவதைப் பார்த்து உங்களை வசதி என்கிறார்கள், மச்சான் இரண்டாவதைப் பார்த்து ஏழை என்கிறார்.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலோரத்தில் சில பொருள்களுக்குக் கூடுதல் விலை. நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறீர்கள். அப்பாவை மதுரைக்கு இதய மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது, மருத்துவர் கட்டணத்தைவிட கார் வாடகை அதிகம். உங்களுக்கும் ஒரு நாள் லீவு. அப்பாவின் மருத்துவத்துக்கு என்று நீங்கள் எழுதியிருக்கும் 3,500 மாதச் சராசரியில் பாதிக்கு மேல் பயணம்தான். கிராமத்தில் செலவு குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எட்டாத தூரத்தில் இருக்கிற ஒன்றுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

இதில் பாதியைக் குறைக்க வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். அப்பா பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை. ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழக்கமான பரிசோதனைகளை அங்கே பார்த்துக்கொண்டு, இதயத்துக்கு மட்டும் மதுரை என்று வைத்துக்கொள்ளலாமா என மருத்துவரிடமே கேளுங்கள். மருந்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். "பணவீக்கம் கிராமத்துக்கும் நகரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பேப்பரில் போடுகிறார்கள், அப்படியானால் செலவும் ஒன்றுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பணவீக்கம், விலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. 4,000 ரூபாய் வாடகை 4,200 ஆனாலும் 16,000 வாடகை 16,800 ஆனாலும் ஏற்றம் 5 சதவீதம்தான்.

இந்தக் கரையின் அளவுகோல்

நீங்கள் யார் என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். அதை உங்கள் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாள்களுக்கான நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் உங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். 8,000-ஐ வைத்து 61 நாள் ஓட்ட முடியாது என்று வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். மே மாதம் எந்த வீட்டுச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது, எந்த வீட்டில் போகவில்லை என்று தெருவுக்கே தெரியும். அதுதான் என் கோடு. வருமானம் நின்றாலும் நகையைத் தொடாமல், வட்டிக்கு வாங்காமல், பிள்ளையின் ஃபீஸை நிறுத்தாமல் ஒரு தடைக்காலத்தைத் தாண்டுகிற வீடு நடுத்தர வர்க்கத்தில் கால் வைத்துவிட்டது. மூன்று தடைக்காலம், அதாவது ஆறு மாதம் தாங்குகிற வீடு அதில் ஊன்றி நிற்கிறது. சம்பளத் தொகை எதுவாக இருந்தாலும் சரி.

உங்கள் கணக்கைப் போடுவோம். மாதச் செலவு 32,600. அதில் கல்யாணம், காதுகுத்து என்று செய்முறைக்குப் போவது 3,000. அந்த 32,600 போக, சீட்டுக்கு 5,000, சில்லறையாகக் கரைவது 4,400. செய்முறையை நிறுத்தினால் மாதம் 29,600 கட்டாயம் வேண்டும். வங்கியில் இருப்பது 60,000. சரியாக இரண்டு மாதம், ஒரு தடைக்காலம். நீங்கள் நடுத்தர வர்க்கத்தில் கால் வைத்தவர், தம்பி. இன்னும் ஊன்றவில்லை.

ஊன்றுவதற்குச் சென்னை உதவுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

68,000-ல் கைக்கு வருவது

சி.டி.சி. என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 34,000 என்று அவர்கள் கடிதத்தில் இருப்பதால், கம்பெனியின் பி.எஃப். பங்கு 4,080, உங்கள் பங்கு 4,080, பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 1,635, தொழில் வரி கொஞ்சம். எல்லாம் போக கையில் 58,000 வரும். வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. மனைவியின் 8,000 ஊர் வாடிக்கையாளர்களை நம்பி வருவது. வீடு மாறினால் தொடக்கத்திலாவது நின்றுவிடும். ஆக 42,000-க்கும் 58,000-க்கும் உள்ள வித்தியாசம் 16,000. 68,000-லிருந்து இன்றைய சம்பளத்தைக் கழித்து நீங்கள் மனதில் வைத்திருக்கும் 34,000 இல்லை.

மச்சான் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாடகை 16,000. அது ஒன்றே அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பராமரிப்பு 1,500, ஊர் வீட்டுத் தவணை 7,200, சாப்பாடு 16,000, மின்சாரம் 1,500, இரண்டு பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளியும் வேனும் 11,500, போக்குவரத்து 3,000, செல்போன் வகையறா 1,200, அப்பாவுக்கு 2,500, ஊருக்குப் போய்வர மாதச் சராசரி 2,000. செய்முறையை அதே 3,000 என்றே வைக்கிறேன், ஆனால் சென்னைக்காரர் ஆனதும் ஊர் உங்களிடம் கூடுதலாகத்தான் எதிர்பார்க்கும். மொத்தம் 65,400. மாதம் 7,400 துண்டு விழுகிறது. சீட்டை இன்னும் சேர்க்கவில்லை. பி.எஃப். பக்கம் நன்மை உண்டு. இப்போது உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் சேர்த்து 3,600 போகிற இடத்தில் 8,160 போகும். நல்ல சேமிப்பு. ஆனால் மாதக் கடைசியில் அதை எடுத்துப் பால் வாங்க முடியாது.

வீட்டு முன்பணம் 1 லட்சம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதாவது 48,000. எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் கூடுதலும் செல்லும். ஆகவே பேசுவதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். அந்த முன்பணத்தை எங்கிருந்து கொடுப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். 60,000 கையிருப்பு இருந்தாலும் சென்னைச் செலவுக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்காது. சம்பளம் ஏறி, தாங்குகிற நாள் பாதியாகக் குறைகிறது. ஊரில் ஒரு தடைக்காலம் தாண்டுகிற குடும்பம் அங்கே அதைத் தாண்டாது.

மகளின் பதினோராம் வகுப்பு

கடிதத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்ட விஷயம் இது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மகள் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள், சென்னையில் நல்ல பிரைவேட் ஸ்கூலில் பிளஸ் ஒன் சேர்த்து நீட் கோச்சிங் வைக்கலாம் என்கிறீர்கள்.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால், மருத்துவச் சேர்க்கையில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவாள். 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கும். கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஐந்து வருடம் சேர்த்த இந்தத் தகுதி அன்றைக்கே போய்விடும். ஒரே விலைக் கடைகள் என்று மேலே சொன்னேனே, அதில் மிகப் பெரிய கடை கல்லூரி. அந்தக் கடையில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே பெரிய சலுகை இதுதான். எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். சென்னைக்கே போவதானாலும் அவளை அரசுப் பள்ளியில் சேருங்கள். அங்கேயும் நல்ல அரசுப் பள்ளிகள் உண்டு.

சான்றிதழைக் குறைத்து வாங்குவது

வேண்டாம். உங்கள் சம்பளம் வங்கி வழியாக வருகிறது, பி.எஃப். பதிவு இருக்கிறது. பொய்யான வருமானம் காட்டிய சான்றிதழ் என்றைக்கு வெளிவந்தாலும் மகளின் சேர்க்கை ரத்தாகலாம், வழக்கும் வரலாம். அதோடு, அது உங்களுக்குத் தேவையும் இல்லை. மகளுக்கு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் அந்த இடஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. மத்திய அரசு நிறுவனங்களில் ஓ.பி.சி. இடத்துக்குத்தான் வருடம் 8 லட்சம் என்ற கோடு. இன்றைய சம்பளத்தில் நீங்கள் அதற்கு வெகு கீழே. சென்னைச் சம்பளம் வருடத்துக்கு 8,16,000. மூன்று வருட வருமானம் பார்ப்பார்கள், எது சேரும் எது சேராது என்று விதிகளும் உண்டு. அந்தப் பக்கம் போவதானால் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரி சலுகையை நினைத்திருந்தால், நீங்கள் பி.காம். என்பதால் அது அவளுக்குக் கிடைக்காது.

மிச்சம் இருக்கிற வழிகள்

பண விஷயத்தில் மட்டும் பார்த்தால், நீங்கள் தனியாகச் சென்னை போவதுதான் லாபம். அறையும் சாப்பாடும் 14,000, ஊருக்கு வந்துபோக 3,000, ஊர் வீட்டுச் செலவு கொஞ்சம் குறைந்து 28,600. மனைவியின் 8,000-ம் நிற்காது. 66,000 வரவில் 20,000-க்குக் குறையாமல் மிஞ்சும். அந்தப் பணத்தை அப்படியே ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குள் ஆறு மாதக் கையிருப்பு சேர்ந்துவிடும். கீழக்கரையிலும் தொண்டியிலும் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிவிட்டு வாழ்ந்தன. அந்த வீடுகளில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பணம் வந்தது, ஆனால் ராத்திரி பெரியவருக்கு நெஞ்சு வலித்தபோது வண்டி தேடி ஓடியது வீட்டுப் பெண்தான். உங்கள் வீட்டிலும் 71 வயதில் இதய நோயாளி இருக்கிறார். பத்தாவது முடிக்கிற பெண் இருக்கிறாள். தனியாகப் போவதானால் இரண்டு வருடம் என்று எல்லை வைத்துக்கொண்டு போங்கள், அவள் பிளஸ் டூ முடிக்கும் வரை.

இருக்கிற கம்பெனியில் சம்பளம் கூட்டிக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஒன்பது வருடம் ஏற்றுமதிக் கணக்குப் பார்த்தவர் போனால் அவர்களுக்கும் சிரமம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், சென்னைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போய்ப் பேசுவேன். இங்கே ஒரு 6,000 கூட்டிக் கொடுத்தாலும் அது முழுதாக மிஞ்சும். அங்கே கூடுகிற 16,000 வாடகையாகப் போய்விடும். மதுரையிலும் விசாரித்துப் பாருங்கள், அப்பாவின் மருத்துவருக்கும் அது பக்கம்.

எந்த வழியானாலும் வேலையை விட்டால் பணிக்கொடையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் தாண்டிய ஊழியருக்கு அது உரிமை, கம்பெனி மனது வைத்துக் கொடுப்பதில்லை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 20,000-க்கும் ஒன்பது வருடத்துக்கும் 1,03,846 ரூபாய் வருகிறது. அந்த 5,000 சீட்டு பதிவு செய்த சீட்டுதானா என்றும் பாருங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது மட்டும் போதாது. பதிவு இல்லையென்றால் இந்தச் சுற்றோடு நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போடுங்கள். அப்பாவைத் தவிர்த்து நீங்கள் நால்வரும் ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்பக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம் இருந்தது. ஒரு ஆபரேஷன் உங்கள் 60,000-ஐ ஒரே நாளில் கொண்டுபோய்விடும்.

கைமாற்று கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை என்று தெரிகிறது. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை மனதில் வையுங்கள், அது முடிந்தால் அந்த வருடம் முடிந்தது. ஊர் கோபித்துக்கொள்ளாது. உங்கள் வீட்டு மாடியைப் பார்க்கிறவர்களுக்கு அதன் தவணை தெரியாது, ஒருமுறை சொல்லிவிட்டால் புரியும்.

கடைசியாக ஒன்று. நான்கு பக்கக் கடிதத்தில் மச்சான் சொன்னது இருக்கிறது, ஊர் சொன்னது இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. சென்னையில் தையல் வேலைக்குப் போக அவருக்கு விருப்பமா, இரண்டு வருடம் மாமனாரையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்ள அவரால் முடியுமா, இல்லை இங்கேயே ஒரு பவர் மெஷின் வாங்கிப் போட்டால் அவருடைய 8,000 எவ்வளவு ஆகும், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மூன்று வாரம் இருக்கிறது. இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள், அவர் சொல்கிற தொகைகளையும் எழுதிச் சேருங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள், மறுபடி உட்கார்ந்து பார்ப்போம்.